பேஸ் கிட்டார் விற்பனைக்கு!

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரைப் பத்தி எழுதினதுக்கு, வார்டன் ரூமுக்குக் கூப்பிட்டு ரொம்ப ‘அன்பா’ விசாரிச்சார். அதனால இந்த வாரம் சாப்பாட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்கறதில்லைன்னு முடிவு. பதிலா உங்களுக்கு ஒரு டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

போனை எடுங்க. பிடிச்ச பாட்டு ஒண்ணை ஸ்பீக்கர்ல போடுங்க. பாடுறவர் கேட்குறாரா? வயலின் கேட்குதா? தபேலா? ஓகே. இப்ப அதே பாட்டை நல்ல இயர்போன் மாட்டிக் கேளுங்க. அடியில யாரோ ஒருத்தர் ‘டும்... டுடும்...’னு பொறுமையா நடந்து போறது கேட்குதா?

அந்த ‘யாரோ ஒருத்தர்’ கட்சிதான் நான். எங்க காலேஜ் பேண்டுல பேஸ் கிட்டார். சாதா கிட்டார்ல ஆறு கம்பி, இதுல நாலு. “மீதி ரெண்டு கம்பிக்குக் காசு பத்தலையா மாப்ள?”ன்னு ஒரு மாமா கேட்டார். எங்கம்மா இன்னும் அதை ‘தடிக் கிட்டார்’னுதான் சொல்றாங்க. ‘பேஸ்’னு சொன்னா, முகத்துக்குப் பூசுறதான்னு கேட்ட பெரியம்மாவும் உண்டு.

போன் ஸ்பீக்கர்ல நாங்க ஏன் கேட்குறதில்லைன்னா, விஷயம் சிம்பிள் பாஸ். எங்களோட ஆகத் தடியான கம்பியைச் சும்மா தட்டினா நொடிக்கு 41 தடவை அதிரும். அவ்வளவு மெதுவான அதிர்வுக்குக் காத்தை நிறையத் தள்ளணும். விரல் நகம் சைஸ் ஸ்பீக்கரால முடியாது. ஆனா அந்த 41-க்கு மேல 82, 123-ன்னு மடங்குகளும் சேர்ந்தே வரும். அதுல மேல இருக்கறதைத்தான் போன் கொஞ்சம் துப்பும். அதை வெச்சு அடியில இருக்கற 41-ஐ நம்ம மூளையே ஊகிச்சுக்குது. அதாவது மக்களே, இல்லாத என்னை நீங்களே கற்பனை பண்ணிக்கறீங்க!

சரி, மேட்டருக்கு வர்றேன்.

போன செமஸ்டர்ல ஒரு வெளியூர் காலேஜ் கல்ச்சுரல்ஸ். பேண்டுக்கு ஆறு பேர்தான்னு ரூல். எங்க பேண்டுல ஏழு பேர். ரிகர்சலுக்கு நடுவுல எங்க வோக்கல் பையன் தோள்ல கையைப் போட்டான். தோள்ல கை விழுந்தாலே ஆப்புதான். “மச்சி, தப்பா எடுத்துக்காத. பேஸை மட்டும் லேப்டாப்ல லோட் பண்ணிக்கலாமா? நீயே ரூம்ல வாசிச்சு ரெகார்ட் பண்ணிக் குடு. வாசிக்கறது நீதான்டா... ஆனா நீ மேடையில இல்ல, அவ்ளோதான்!”

குடுத்தேன். ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து மூணு பாட்டு வாசிச்சு ரெகார்ட் பண்ணிக் குடுத்தேன். போட்டி அன்னிக்கு ஆடியன்ஸ்ல எட்டாவது வரிசையில, கையில பாப்கார்னோட உட்கார்ந்து, என்னை நானே கேட்டேன். ‘அய்யோ, நான் இல்லாம சொதப்பிட்டாங்க’ன்னு எழுதணும்னு எனக்கும் ஆசைதான். சொதப்பலை. செகண்ட் பிரைஸ்! வேன்ல வரும்போது கப்பை எங்கிட்டயும் குடுத்து போட்டோ எடுத்தானுங்க. சிரிச்சேன். போட்டோல பார்த்தா, பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்து காட்டுற மாதிரி இருந்துச்சு.

மறுநாளே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். ‘பேஸ் கிட்டார் விற்பனைக்கு. ரூ. 8,500. விலை பேசலாம்.’

வாங்குறதுக்கு ஒருத்தரும் வரலை. ஆனா மூணு பேர் ‘ஏன் விக்கிற?’ன்னு கேட்டு மெசேஜ் பண்ணினாங்க. மூணு பேருமே பேஸ் வாசிக்கறவங்க. ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லி, அவர் அடுத்தவருக்குச் சொல்லி... கடைசில சனிக்கிழமை சாயந்திரம் சரவணம்பட்டி சத்தி ரோட்டுல ஒரு தள்ளுவண்டி காளான் கடையில நாலு பேரும் மீட் பண்றதுன்னு ஆச்சு. (சாப்பாட்டைப் பத்தி எழுத மாட்டேன்னு சொன்னேன்தான். ஆனா கோயம்புத்தூர்ல இருந்துக்கிட்டு காளானைச் சொல்லாம விட்டா சாமி குத்தம்!)

யார் பேரையும் எழுதக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. ஒருத்தர் ஐ.டி. அண்ணா. கீரணத்தம் பக்கம் வேலை, முப்பதைத் தாண்டியவர். இன்னொருத்தங்க சர்ச்சுல வாசிக்கற அக்கா, எம்.காம். படிக்கறாங்க. மூணாவது, பாலிடெக்னிக் தம்பி. இடது கைக்காரன். நாலாவது, இந்த இன்டர்ன்.

பேஸ் வாசிக்கறவங்க நாலு பேர் சேர்ந்தா என்ன பேசுவாங்கன்னு நினைக்கறீங்க? இசையா? தத்துவமா? ஒரு மண்ணும் இல்ல. ‘உன்கிட்ட என்ன பேஸ் இருக்கு?’ இதை மட்டுமே மூணு மணி நேரம்! கல்யாண வீட்டுல பெருசுங்க ‘உங்க தோட்டத்துல தண்ணி எத்தனை அடி?’ன்னு ஆரம்பிச்சா நிறுத்துவாங்களா? அதே கதை.

அண்ணாகிட்ட இருக்கறது ஃபெண்டர் ஜாஸ் பேஸ். முதல் வேலையில மூணு மாசச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கினதாம். “ஊட்ல பைக் வாங்கறேன்னு சொல்லிட்டு இதத் தூக்கிட்டு வந்தேன். எங்கப்பா பதினஞ்சு நாள் பேசலீங்க தம்பி.” அதை ஒரு தடவை கேஸ்ல இருந்து எடுத்துக் காட்டினார், தொட விடலை. ஃபெண்டர்ங்கிறது ஒருத்தரோட பேர். லியோ ஃபெண்டர், அமெரிக்கால ரேடியோ ரிப்பேர் கடை வெச்சிருந்தவர். அதுவரைக்கும் பேஸ்னா ஆள் உசரத்துக்கு ஒரு பெரிய வயலின் மாதிரி நிக்கும். அதைத் தூக்கிட்டு பஸ் ஏற முடியாது, கும்பல்ல சத்தமும் கேட்காது. ஃப்ரெட் கிடையாதுங்கறதால ஸ்ருதியைக் காதால தேடித்தான் விரல் வைக்கணும். 1951-ல் ஃபெண்டர் அதைக் கிட்டார் மாதிரி படுக்கவெச்சு, ஃப்ரெட் அடிச்சு, கரண்ட்டுல மாட்டிவிட்டார். விரல் வெச்ச இடத்துல ஸ்ருதி துல்லியமா விழுறதால அதுக்கு ‘பிரிசிஷன் பேஸ்’னு பேர். ரேடியோ ரிப்பேர் பண்றவர் செஞ்ச கருவியை இன்னிவரைக்கும் உலகம் வாசிக்குது. இ.சி.இ. பசங்க காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்!

அக்காவோடது அஞ்சு கம்பி யமஹா. சொந்தம் இல்ல, சர்ச்சோடது. அஞ்சாவது கம்பி இன்னும் கீழ இறங்கும், 31 ஹெர்ட்ஸ். “அதைத் தட்டினா முதல் பெஞ்சுல இருக்கற பாட்டி நெஞ்சைப் பிடிச்சுக்குவாங்க. பாஸ்டர் என்னைப் பார்ப்பார். நான் சீலிங்கைப் பார்ப்பேன்”னாங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அதைப் பூட்டி வெச்சிருவாங்க. அதனால வாரம் முழுக்க அக்கா பிராக்டீஸ் பண்றது ஒரு மரப்பலகையில! நாலு ரப்பர் பேண்டைக் கட்டி, கோடு போட்டு வெச்சிருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தான் அவங்களுக்கு நிஜ பேஸ். எங்க நாலு பேர்ல சுத்தமா வாசிக்கறது அவங்கதான். இதைக் கேட்டதும் ‘விக்கப்போறேன்’னு ஸ்டேட்டஸ் போட்ட எனக்கு, காளான் தொண்டையில நின்னுச்சு.

தம்பி கதைதான் செம காமெடி. இடது கை பேஸ் கடையில சும்மா கிடைக்காது, கிடைச்சாலும் விலை எகிறும். அதனால வலது கை பேஸைத் தலைகீழாத் திருப்பி, கம்பியை இடம் மாத்திப் போட்டிருக்கான். தலைகீழாப் போனதால வால்யூம் குமிழ் எல்லாம் அவன் முழங்கைக்கு மேல வந்துருச்சு. ஜோஷ்ல கையை ஆட்டினா வால்யூம் ஜீரோ! “மேடைல பாதிப் பாட்டு ஊமைப்படம்தான்ணா. ஒருத்தனும் கண்டுபிடிக்கல!”ன்னு சிரிக்கறான்.

இடது கைன்னதும் அவனே ஒரு கதை எடுத்துவிட்டான். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னியும் இடது கைக்காரர்தான். 1961-ல் ஜெர்மனியில ஹம்பர்க் ஊருல கிளப்புல வாசிக்கும்போது, ஃபெண்டர் வாங்கக் காசு இல்லாம, ஹாஃப்னர் கம்பெனியோட வயலின் ஷேப் பேஸை முப்பது பவுண்டுக்கு வாங்கினாராம். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால, திருப்பிப் பிடிச்சாலும் அசிங்கமாத் தெரியாதுங்கறது காரணம். அந்த பேஸை 1972-ல் லண்டன்ல ஒரு வேன்ல இருந்து திருடிட்டாங்க. உலகத்துல அவர் வாங்க முடியாத கிட்டார் ஏதாவது இருக்கா? ஆனாலும் அதைத் தேடினாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல கழிச்சு, இங்கிலாந்துல ஒரு வீட்டுப் பரண்ல கிடந்ததைக் கண்டுபிடிச்சு அவர்கிட்டயே சேர்த்துட்டாங்கன்னு 2024 பிப்ரவரியில செய்தி வந்துச்சு. “எட்டாயிரத்து ஐநூறுக்கு வித்துட்டு, அம்பது வருஷம் கழிச்சுத் தேடாதீங்கணா!” இது தம்பி எனக்கு வெச்ச பஞ்ச். அவனுக்கு வயசு பதினேழு!

என் பேஸோட ஜாதகத்தையும் சொல்லிடறேன். கொல்கத்தா மேக். எனக்கு முன்னாடி குறைஞ்சது மூணு சீனியர்ஸ் கை மாறினது. அடியில ஒருத்தர் அரியர் சப்ஜெக்ட் லிஸ்ட்டை காம்பஸ்ல கீறி வெச்சிருக்கார். ஒவ்வொண்ணா அடிச்சும் இருக்கார். எம்-3 மட்டும் அடிக்காம அப்படியே இருக்கு. அந்த அண்ணன் இப்ப எங்க இருக்காரோ!

ஆடி மாசம் வந்தா அதுக்குச் சீக்கு வரும். பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து ஈரக்காத்து ஊளையிட்டு வருமில்ல, அதுல கழுத்து மரம் ஈரத்தைக் குடிச்சு வளையும். கம்பி மேல ஏறி, அழுத்தினா விரல் பழுக்கும். மார்ச் வெயில்ல காஞ்சா தலைகீழ், கம்பி இறங்கி ஃப்ரெட்டுல உரசி ‘ஜிர்ர்ர்’ருங்கும். கழுத்துக்குள்ள ஒரு இரும்பு ராடு ஓடுது, அதை ஆலன் கீ போட்டுத் திருகணும். ஒரு தடவைக்குக் கால் சுத்துதான். ஆர்வக்கோளாறுல முழுச் சுத்து திருகி ராடை உடைச்சவங்க கதை ஆளுக்கு ஒண்ணு வெச்சிருந்தோம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடிச்சா, நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற இடைவெளி இருந்தாப் போதும்னு அண்ணா சொல்லிக் குடுத்தார். பஸ் டிக்கெட்டை வெச்சுப் பார்த்தோம், நுழையலை. திருகினோம். நுழைஞ்சது!

அப்புறம் ஸ்ட்ரிங். பேஸ் கம்பி ஒரு செட் நல்லதா வாங்கினா ரெண்டாயிரத்தைத் தொடும். ஸ்டைபண்ட் வாங்குறவன் என்ன பண்ணுவான்? வேக வைப்பான்! நிஜமாத்தான். பழைய கம்பியைக் கொதிக்கற தண்ணியில பத்து நிமிஷம் போட்டா, சுத்துக்குள்ள ஏறின அழுக்கும் வியர்வையும் கழண்டு, கொஞ்ச நாளைக்குப் புதுசு மாதிரி கணீர்ங்கும். ஹாஸ்டல் மெஸ்ல அண்டாவைக் கடன் வாங்கி இதைப் பண்ணும்போது மெஸ் அண்ணன் எட்டிப் பார்த்து, “இது என்ன நூடுல்ஸ் கண்ணு, இத்தாச்சோடு?”ன்னார். இதைச் சொன்னதும் அண்ணா தலையில அடிச்சுக்கிட்டார். அமெரிக்காவோட மோடவுன் கம்பெனிப் பாட்டுங்கள்ல வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தாலொழிய மாத்தவே மாட்டாராம். அந்த அழுக்குதான் அவர் சத்தமே. வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணே ஒண்ணுதான் யூஸ் பண்ணுவார். அறுபதுகள்ல ஹிட்டு மேல ஹிட்டு. ஆனா கம்பெனி ரெக்கார்டு கவர்ல வாசிச்சவங்க பேரே போட மாட்டாங்க. 1971-ல் மார்வின் கேயோட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்துலதான் அவர் பேரை அச்சுல பார்க்க முடிஞ்சது. அத்தனை வருஷம் உலகமே அவருக்கு ஆடியிருக்கு, யாருன்னு தெரியாமலேயே!

இந்த இடத்துலதான் பேச்சு சூடாச்சு. ‘தெரியாமலேயே’ங்கறது எங்க நாலு பேருக்கும் வலிக்கற பாயின்ட்.

“நம்ம ஊருல மட்டும் என்ன வாழுது?”ன்னாங்க அக்கா. “‘பயணங்கள் முடிவதில்லை’ படத்து கிட்டார் பாட்டை வாசிக்காத கேம்பஸ் உண்டா? அந்த கிட்டாருக்கு அடியில ஓடுற பேஸை எவனாவது வாசிச்சுக் காட்டியிருக்கானா?” 1982 படம். கையை மடக்கி யோசிச்சோம். ஒருத்தன்கூட இல்ல.

இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்ஸ் எழுதிக் குடுக்கறவர், பேஸும் அதுல அடக்கம். கிட்டார் வாசிச்சு வந்தவருக்குக் கம்பியோட அருமை தெரியாதா? மத்தவங்க பாட்டுல பேஸ் தூண் மாதிரி நிக்கும். அவர் பாட்டுல அது தனியா ஒரு பாட்டுப் பாடிக்கிட்டுப் போகும். ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்துல அந்த ஜாக்கிங் பாட்டை இயர்போன்ல கேளுங்க. காலடிச் சத்தம் ஒரு பக்கம் ஓட, பேஸ் கூடவே இன்னொரு ஆள் மாதிரி ஓடும். அவர் குழுவுல பேஸ் வாசிச்சவர் சசிதரன். ஏ.ஆர்.ரஹ்மானுக்கு நிறைய வாசிச்சவர் சென்னையோட கீத் பீட்டர்ஸ். உண்மையைச் சொல்லுங்க மக்களே, இதுல எத்தனை பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்க? நானே பேஸ் எடுத்து ஒரு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வெட்கமா இருக்கு.

2011-ல் ‘கோ’ படத்துப் பாட்டு ஒண்ணு தமிழ்நாட்டையே ஆட்டுச்சு. நான் அப்ப ஒண்ணாங் கிளாஸோ ரெண்டாங் கிளாஸோ. அதைப் பாடி ஃபிலிம்ஃபேர் வாங்கின ஆலாப் ராஜு, பேஸ் கிட்டாரிஸ்ட். “பாத்தியா, பேஸ்காரன் பேர் வெளிய தெரியணும்னா அவன் பாடணும்!” இது அண்ணா. “ஏன், மோகினி டே பாடியா பேர் வாங்கினாங்க?” இது அக்கா, படு டென்ஷனா. மோகினி மும்பைப் பொண்ணு, அப்பாவும் பேஸிஸ்ட். 2013-ல் ரஹ்மானோட ‘கோக் ஸ்டுடியோ’ நிகழ்ச்சியில வாசிச்சப்போ அவங்களுக்குப் பதினேழு வயசுதான் இருக்கும். இப்ப உலகம் பூரா சுத்தி வாசிக்கறாங்க. அக்கா போன்ல வால்பேப்பரே அவங்கதான். அண்ணா சரண்டர்.

அப்புறம் ஒரு சண்டை வந்துச்சு பாருங்க. அதுக்குக் காரணம் என் பேஸ்ல இருக்கற ஒரு பித்தளைத் துண்டு.

போன வருஷம் ஈ கம்பி உட்கார்ற சேடில் - சின்ன உருளை மாதிரி ஒரு பார்ட் - உடைஞ்சு போச்சு. ஸ்பேர் எங்கயும் கிடைக்கலை. ஆனா நாம இருக்கறது எந்த ஊரு? பம்பும் மோட்டாரும் செஞ்சு ஊருக்கெல்லாம் அனுப்புற ஊரு! கணபதியில ஒரு லேத் பட்டறைக்குப் போய், உடைஞ்ச துண்டை நீட்டினேன். அங்க இருந்த பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, “எந்த மோட்டாரு பார்ட்டு சாமி இது?”ன்னார். கிட்டார்னேன். நம்பலை. மறுநாள் பேஸையே தூக்கிட்டுப் போனேன். பித்தளை ராடுல அச்சு அசலா கடைஞ்சு, மரை போட்டு, மாட்டியும் குடுத்தார். நான் தட்டிக் காட்டினதும் அவர் பண்ணின காரியத்தைத்தான் மறக்க முடியாது. ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நுனியை பேஸ் மேல வெச்சு, பிடியைக் காதுல வெச்சுக்கிட்டார். மோட்டார்ல பேரிங் போயிருக்கான்னு அப்படித்தானே பார்ப்பாங்க! கண்ணை மூடி கொஞ்ச நேரம் கேட்டுட்டு, “நல்லாத்தான் ஓடுது”ன்னு சர்டிஃபிகேட் குடுத்தார். நூத்தம்பது ரூவா வாங்கிக்கிட்டார்.

நான் பேஸ் வாசிச்சு வாங்கின பாராட்டுலயே உருப்படியானது அதுதான்.

அன்னியில இருந்து என் ஈ கம்பி மட்டும் மத்த மூணைவிட நல்லா நின்னு பேசுதுங்கறது என் கட்சி. பித்தளையாவது பேசுறதாவது, எல்லாம் உன் மனப்பிராந்திங்கறது அண்ணா கட்சி. “சரி, டெஸ்ட் வெச்சுப் பாத்துருவோம்”னு விளாங்குறிச்சி ரோட்டுல இருக்கற அண்ணா ரூமுக்குக் கிளம்பினோம். மூணு பேர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரணும். ஒருத்தர், ரெண்டு பேஸ்ல ஏதோ ஒண்ணை எடுத்து ஒரே வரியை வாசிக்கணும். எது ஃபெண்டர், எது கொல்கத்தான்னு சொல்லணும். (அன்னிக்கு முதல் தடவையா அண்ணா ஃபெண்டரைத் தொட விட்டார்!)

ரிசல்ட்? கேவலம்! ஃபெண்டர் ஓனரே தன் பேஸை ரெண்டு தடவை கொல்கத்தான்னார். நான் ‘ஆஹா, இதுதான் என் பித்தளை’ன்னு கையைத் தூக்கினேன். அது ஃபெண்டர். பல்போ பல்பு! ஆனா ஒண்ணு மட்டும் எல்லாருமே தப்பாம சொன்னோம்: யார் வாசிக்கறாங்கன்னு. அக்கா விரல் பட்டா எந்த பேஸும் அக்கா மாதிரிதான் பேசுது. ஒவ்வொரு நோட்டையும் எங்க நிறுத்தணும்னு அவங்களுக்குத் தெரியுது. நான் ஆரம்பிக்கறதை மட்டும்தான் பிராக்டீஸ் பண்ணியிருக்கேன், நிறுத்தறதை இல்ல. ரப்பர் பேண்டு பலகையில சத்தமே வராதுல்ல, அப்ப விரல் என்ன பண்ணுதுன்னு மட்டும்தானே பார்க்க முடியும்? அதனாலயான்னு கேட்டேன். “தெரியலப்பா... இருக்கலாம்”னாங்க.

டெஸ்ட்டுக்கு நடுவுல என் பேஸ் ‘ம்ம்ம்...’னு முனகிக்கிட்டே இருந்துச்சு. நம்ம வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில மூணாவது ஃப்ரெட், ஜி நோட், 49. அதாவது மின்வாரியம் எப்பவும் என்கூட ஜி வாசிச்சுக்கிட்டே இருக்கு, லைட்டா ஸ்ருதி தூக்கலா! இதைச் சொன்னதும் அண்ணா சீரியஸாகிட்டார். அன்னூர் பக்கம் அவங்க ஊர் நோம்பியில, ஜமாப் அடிச்சு முடிச்சதும் இவங்க ஆர்கெஸ்ட்ரா. ஜெனரேட்டருக்கு எர்த் சரியா இல்ல. கம்பியில கையை வெச்சுக்கிட்டே மைக்குக்கிட்ட வாயைக் கொண்டுபோனவருக்கு உதட்டுல பொளேர்னு ஷாக். “நாலடி தள்ளி விழுந்தேன். கூட்டம் டான்ஸுன்னு நெனச்சு விசில் அடிக்குது!” சிரிப்பா இருந்தாலும், மேடை ஏறுற மக்களே, தயவுசெஞ்சு மைக்கையும் கம்பியையும் சேர்த்துத் தொடறதுக்கு முன்னாடி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்க. இதுல மட்டும் விளையாட்டு வேணாம்.

கிளம்பும்போதுதான் லேப்டாப் மேட்டரைச் சொன்னேன். அதுவரைக்கும் சொல்லாம ‘காசு தேவை’ன்னே ஓட்டியிருந்தேன். மூணு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. ஆறுதல் சொல்வாங்கன்னு எதிர்பார்த்தேன். அண்ணா, “அடுத்து சிங்கரையும் லோட் பண்ணிருவாங்க”ன்னு ஜோக்கடிச்சார். யாரும் சிரிக்கலை. அக்கா மட்டும், “நீ ஏன் ரெகார்ட் பண்ணிக் குடுத்த?”ன்னாங்க. நல்ல கேள்வி. எங்கிட்ட பதில் இல்ல. மாட்டேன்னு சொல்லியிருந்தா அவனுங்க வேற யாரையாவது வாசிக்க வெச்சிருப்பானுங்க, அதைக் கேட்கறதுக்கு இது மேல்னு தோணியிருக்கலாம். இல்லாட்டி, ‘உன்னால முடியும்டா’ன்னு ஒருத்தன் தோள்ல கை போட்டா மறுக்கத் தெரியாத பழக்க தோஷம்.

திங்கள்கிழமை கேன்டீன்ல எங்க டிரம்மர் எதிர்ல வந்து உட்கார்ந்தான். வழக்கமா மூணு வார்த்தைக்கு மேல பேச மாட்டான். பஜ்ஜியைப் பிய்ச்சுக்கிட்டே, “லேப்டாப் என்னையப் பாக்க மாட்டேங்குதுடா”ன்னான். புரியலை. “நான் பாட்டு நடுவுல லைட்டா ஸ்பீடு ஏத்தினா, நீ திரும்பிப் பாப்பல்ல? முறைப்பல்ல? அது பாக்க மாட்டேங்குது. காதுல டிக் டிக்னு மணி அடிச்சுக்கிட்டே இருக்கு. பரீட்சை எழுதற மாதிரி இருந்துச்சு.” அவ்வளவுதான். என் தட்டுல இருந்த பஜ்ஜியையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

வோக்கல் பையன்கிட்ட இன்னும் அதைப் பத்திப் பேசலை. அடுத்த கல்ச்சுரல்ஸ் லிஸ்ட் வரும். அதுலயும் ஆறு பேர்தான்னு போட்டிருந்தா, இந்தத் தடவை ரெகார்ட் பண்ணிக் குடுக்கறதா இல்ல. அதை இப்பவே, பத்திரிகையிலயே சொல்லிடறேன். அவன் இந்தப் பக்கத்தைத் தவறாம படிக்கறவன்.

ஸ்டேட்டஸ் என்னிக்கோ போயிருச்சு. ஆனா அதைப் பார்த்து ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் நேத்து ரூமுக்கே வந்துட்டான். தர்மபுரிக்காரன். பேஸை இதுவரை தொட்டதே இல்லையாம், யூடியூப்ல பார்த்ததோட சரி. மடியில வெச்சுக் குடுத்தேன். ஈ கம்பியை மட்டும் ஒரு தட்டுத் தட்டிட்டு, சத்தம் முழுசா அடங்கற வரைக்கும் பேசாம உட்கார்ந்திருந்தான். அப்புறம், “அண்ணா, இதுல மட்டும் ஏன் பித்தளை இருக்கு?”ன்னு கேட்டான்.

விலை சொல்லலை. ஞாயித்துக்கிழமை காலையில வாடான்னிருக்கேன். ரெண்டு பேரும் கணபதி வரைக்கும் போய், மீதி மூணு சேடிலுக்கும் பெரியவர்கிட்ட அளவு குடுத்துட்டு வரணும்.